பின்சீட்டுக்கு மட்டும் கேட்ட சத்தம்

காரின் பின்சீட்டில் உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அத்தை உட்கார்ந்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. அடிவாரத்துச் சந்தையில் மிளகு விற்றுவிட்டு மலையேறிக்கொண்டிருந்தோம். பாதி வளைவுகள் தாண்டியிருப்போம். "சாமி, வண்டிய ஓரங்கட்டு. சீட்டுக்கடியில குளவி கூடு கட்டியிருக்குது போல, இரையுது" என்றார். என் கணவர் நிறுத்தவில்லை. கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அந்தக் கார் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மலைமேல் வாழவந்தி நாட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நல்ல நடை தூரம். மாமனார் இறந்த பிறகு மிளகுத் தோட்டத்தை அத்தை ஒற்றை ஆளாக நின்று பார்த்தார். கொடி ஏற்றுவது, காய் பறிப்பது, காயவைப்பது எல்லாம் அவர் கணக்குத்தான். மூட்டையோடு பஸ்ஸில் ஏறி கண்டக்டரிடம் பேச்சு வாங்கி அலுத்துப்போய், ஒரு நல்ல வெள்ளாமை முடிந்ததும் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். பங்காளிகள் சிரித்தார்கள். பொம்பளைக்குக் கார் எதற்கு என்று கேட்டவர்களே அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக அதே காரைக் கேட்டு வந்தார்கள். அத்தை அனுப்பவும் செய்தார், அவர்கள் கேட்ட கேள்வியை அவர்களுக்கே நினைவுபடுத்தவும் செய்தார்.

ஆனால் கார் அத்தையுடையது என்றாலும் முன்சீட்டு அவருடையதல்ல. எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஆண் உட்காருவார், பெண்கள் பின்னால். போகிற வழியில் கைகாட்டி ஏறும் முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட முன்சீட்டு உண்டு. ஆண் யாரும் ஏறாத நாளில் அந்த இடத்தில் பலாப்பழம் உட்கார்ந்து வரும். காரை வாங்கியவளும் அவள் மருமகளும் நடுவில் ஒரு மூட்டையோடு பின்னால் இடித்துக்கொண்டு வருவோம். பலாப்பழத்துக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி அந்த நாளில் நான் வாய்திறந்து பேசியதில்லை, மனதுக்குள் நிறையப் பேசியிருக்கிறேன்.

சத்தம் எனக்கும் கேட்டது. அது குளவி இல்லை என்பது சீட்டைத் தூக்கிப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் சீட்டுக்கடியில் 'ங்ங்' என்று ஒரு முனகல் வந்து உடனே அடங்கும். அது எப்போதும் இருந்ததுதான். புதிதாக வந்தது வேறு. மலையேறும்போது, வளைவில் வண்டி மூக்கைத் தூக்கித் திரும்பும் நேரத்தில், மெல்லிய கீச்சுக் குரலில் ஆரம்பித்து உயர்ந்துகொண்டே போகும். நேர்ப் பாதை வந்ததும் இறங்கும். அத்தை அதை விடாமல் கவனித்தார். இறக்கத்தில் இருக்கிறதா, மழை நாளில் மாறுகிறதா, வெயில் ஏறிய பிறகு அதிகமா என்று என்னையும் கேட்டுக்கொண்டே வருவார். "இந்தத் திருப்பத்துல பாரு கண்ணு, அழுவும்" என்பார். அழும். சீட்டில் வைத்த கையில் ஒரு அதிர்வும் தெரியும்.

முன்னால் இருப்பவருக்கு இது எதுவும் கேட்காது. அவர் காலடியில் என்ஜின், காதருகில் திறந்த ஜன்னல், நடுவில் பாட்டு. "தெனமும் ஓட்டறவன் நானு. எனக்குக் கேக்காத சத்தம் உங்களுக்கு எங்கிருந்து வருது?" என்பார் என் கணவர். எனக்கும் கேட்கிறது என்றேன். "அம்மா சொன்னா உனக்கும் கேக்கும்" என்றார். இரண்டு பேர் சொன்னால் சாட்சி என்பார்கள். அந்த இரண்டு பேரும் பெண்களாக இருந்தால் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள், இன்னொருத்தி ஒப்பித்தாள் என்று ஆகிவிடுகிறது. அன்று வந்த கோபம் இப்போதும் குறையவில்லை, குறைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

அத்தையின் தொல்லை தாங்காமல் என் கணவர் காரை அடிவாரத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். முன்சீட்டில் ஏறி, சந்தை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். தட்டையான ரோடு. "ஒண்ணுமில்லீங்கம்மா, வண்டி தங்கமாட்டம் இருக்குது" என்றார். அத்தை மலையேறினால்தான் கேட்கும் என்று சொல்லிப் பார்த்தார். மெக்கானிக் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தன் காதருகே விரலை வைத்து லேசாகச் சுழற்றிக் காட்டினார். அதை அத்தையும் பார்த்தார்.

அடுத்து காரைக் காட்டவில்லை, அத்தையைக் காட்டினார்கள். நாமக்கல்லில் காது டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு இல்லாத சத்தம் கேட்கிறது என்று மகன் வந்து சொன்னால் அவர் காரையா திறந்து பார்ப்பார்? சிலருக்கு வயதானால் காதுக்குள் இரைச்சல் வரும் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி ஏறும்போது அதே திருப்பத்தில் அதே அழுகை. அத்தை என்னைப் பார்த்து, "இப்ப மாத்தர காருக்கா எனக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை.

சிரிக்க முடியாத காரணம் அடுத்த சந்தையில் தெரிந்தது. மிளகு மண்டிக்காரர் அத்தையோடு வருடக்கணக்கில் பேரம் பேசியவர். ஒரு கைப்பிடி மிளகை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து அத்தை ஒரு விலை சொன்னால், அவர் முனகிக்கொண்டே அதன் பக்கத்தில் வந்து நிற்பார். அன்று அவர் அத்தையைப் பார்த்து, "அம்மா, நல்லா இருக்கீங்களா" என்று கிணற்றுக்குள் கூப்பிடுவது போலக் கத்தினார். பிறகு திரும்பி என் கணவரிடம் சாதாரணக் குரலில் விலை பேச ஆரம்பித்தார். காது விஷயம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மண்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. அத்தை சொன்ன விலையை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காது கேட்காதவர் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "இனி அம்மா அலைய வேண்டாம், ஊட்லயே இருக்கட்டும். மிளக நானே போட்டுட்டு வாரேன்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம். தோட்டத்தைக் கட்டிக் காத்த மனுஷியைச் சந்தையிலிருந்து நிறுத்த ஒரு சத்தம் போதுமானதாக இருந்தது.

அத்தை நிற்கவில்லை. அடுத்த சந்தை நாளன்று மூட்டை ஏற்றுவதற்கு முன்பே போய் காரில் உட்கார்ந்துகொண்டார். மண்டிக்குப் போகும் முன் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மெக்கானிக்கிடம், "தம்பி, மேல வந்து பாத்துட்டுச் சொல்லு. அதுவரைக்கும் நான் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த பழைய லாரி டயரில் உட்கார்ந்தார். என் கணவர் கெஞ்சினார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவமானமாக இருக்கிறதம்மா என்றார் என் கணவர். "எனக்கு இருந்துச்சே, அன்னைக்கு நீ பாத்தியா?" என்றார் அத்தை. நானும் போய் அந்த டயரின் மறுபக்கத்தில் உட்கார்ந்தேன். உச்சி வெயில் ஏறியபோது மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி வாங்கம்மா, ஒரு நடை போயிட்டு வந்துருவோம்" என்றார்.

வழக்கம்போல முன்கதவைத் திறந்தார். அத்தை குறுக்கே கையை வைத்தார். "அங்க உக்காந்தா ஒண்ணுந் தெரியாது. நீ பின்னால போ" என்று சொல்லிவிட்டு, தன் சொந்தக் காரின் முன்சீட்டில் முதல்முறையாக ஏறி உட்கார்ந்தார். பாட்டை அணைத்தார். மெக்கானிக் என் பக்கத்தில், மூட்டைக்கு அந்தப் பக்கம், நெளிந்துகொண்டு வந்தார். முதல் சில வளைவுகளில் அவர் முகத்தில் ஒன்றுமில்லை. ஏற்றம் கடுமையானதும் பேச்சை நிறுத்தினார். மூட்டைமேல் இருந்த கையைச் சீட்டுக்கு மாற்றினார். அடுத்த திருப்பத்தில் அது அழுதது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"அண்ணா, நிறுத்துங்க" என்றார். "நீங்க பின்னால வாங்க. நான் ஓட்டறேன்."

என் கணவர் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். இரண்டு திருப்பம். முதலாவதில் குனிந்தார், இரண்டாவதில் நிமிரவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சீட்டுக்கடியில் இருந்தது சொல்லிக்கொண்டிருந்தது.

அகலமான ஒரு வளைவில் ஓரங்கட்டி, மெக்கானிக் பின்சீட்டின் மெத்தையைத் தூக்கினார். அடியில் வட்டமாக ஒரு மூடி. அதன் கீழேதான் டேங்கும் உள்ளே பெட்ரோல் பம்பும் என்றார். சாவியைத் திருப்பச் சொல்லி மூடிமேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு முன்னால் போய் பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். "டேங்க்ல எண்ண எப்பவும் இவ்வளவுதான் வெப்பீங்களா?"

ஏற்றத்துக்கு எதற்குப் பாரம் என்று கொஞ்சமாகத்தான் போடுவோம் என்றார் என் கணவர். மலையில் பலரும் அப்படி நினைப்பதுண்டு. மிளகு மூட்டையை இறக்க முடியாது, பெட்ரோலையாவது குறைப்போம் என்று. மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பம்பு பெட்ரோலுக்குள் முழுகி இருந்தால்தான் அதற்குச் சூடு ஆறும் என்றார். கொஞ்சமாக ஊற்றி வளைவில் தூக்கித் திருப்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்பு காற்றைக் குடித்துக் கத்தும், அடியில் தங்கிய அழுக்கும் அடைக்கும். "கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா ஏதாவது ஒரு திருப்பத்துல அப்படியே நின்னிருக்கும். வண்டி அணைஞ்சா பிரேக்கும் கல்லாயிரும், ஸ்டியரிங்கும் இறுகிரும். பின்னாடி பள்ளம்" என்றார். யாரும் கீழே எட்டிப் பார்க்கவில்லை.

"பாரம்னு சொன்னது யாருங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

என் கணவர் மெல்ல அத்தை பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சொன்னது அத்தைதான். கார் வாங்கிய நாளிலிருந்து அவர் போட்ட சட்டம் அது.

"நாந்தான் சொன்னேன்" என்றார் அத்தை, என் கணவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. "தப்பு என்னுது. இனி ரொப்பிரலாம். ஆனா சத்தம் வருதுன்னதும் நாந்தான். அது இதுல கழியாது சாமி."

ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் நாம் சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்று காத்திருப்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். தன் தப்பைத் தன் கையாலேயே எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, மீதியை விட்டுக்கொடுக்காமல் நிற்பதை அந்த வளைவில்தான் பார்த்தேன்.

பம்பை மாற்றினார்கள், டேங்கை நிரப்பினார்கள், சத்தம் போனது. அடுத்த சந்தையில் மண்டிக்காரர் மறுபடியும் கத்தினார். பிறகு என் கணவரிடம் திரும்பினார். என் கணவர் அவரைப் பேசவிடவில்லை. "அம்மாகிட்டப் பேசுங்க. மெதுவாவே பேசலாம், நல்லாக் கேக்குது" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, முகம் சிவந்திருந்தது. அத்தை மிளகை அள்ளி உருட்டிப் பார்த்துவிட்டு விலையைச் சொன்னார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட.

அந்தக் கார் போய்விட்டது. இப்போது இருப்பதை நான்தான் ஓட்டுகிறேன். அத்தை என் பக்கத்தில் முன்சீட்டில் வருகிறார். வயது அவரையும் விடவில்லை. போன வருடத்திலிருந்து நாங்கள் கூப்பிடுவது அவருக்குச் சில நேரம் எட்டுவதில்லை. டிவியைச் சத்தமாக வைக்கிறார். நாங்கள் பார்த்தும் பாராமல் இருந்தோம். அந்த மாத்திரையின் நினைவு வீட்டில் எல்லாருக்கும் இருக்கிறது, என் கணவருக்கு மற்றவர்களைவிட அதிகமாக.

சென்ற சந்தையன்று மண்டிக்காரரின் மகன் விலை சொன்னான். அத்தைக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்காக நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குக் காது மந்தமாயிருச்சு தம்பி, கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார் அவனிடம். பிறகு என்னிடம் திரும்பி, "கேக்கலைன்னா அத நாஞ் சொல்லுவேன் கண்ணு" என்றார்.

அவன் சத்தமாகச் சொன்னான். அத்தை, கட்டாது என்றார்.