தறிச் சத்தத்துக்குள் என் மகள்

மகளுக்கு மூன்று வயதாக நான்கு மாதம் இருந்தது. ஒரு சொல்கூட வரவில்லை. அழுவாள், சிரிப்பாள், கோபம் வந்தால் கீச்சென்று கத்துவாள். பேச்சு மட்டும் இல்லை. எந்த வயதில் எத்தனை சொற்கள் வரவேண்டும் என்ற அட்டவணை ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருந்தேன். சோறு வெந்துகொண்டிருக்கும்போதுகூட அதைத் திறந்து பார்ப்பேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பத்து மாதக் குழந்தையாக உடுமலைப்பேட்டையில் என் அம்மா வீட்டில் இருந்தபோது 'ம்மா', 'த்தா' என்று அவள் ஓயாமல் பேசினாள். சூலூருக்கு வந்தபின் அது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. வந்த பேச்சு நின்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று படித்த இடத்திலெல்லாம் எழுதியிருந்தது.

சூலூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். பன்னிரண்டு விசைத்தறிகள். அவை ஓடும்போது வீட்டுக்குள் பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும். நான் ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் நாலு மணி நேரம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அறைக்குள் இருப்பேன். அந்த நேரம் மகள் குடோனில், அவள் அப்பாவிடமும், தறிக்கான நூலைக் குச்சியில் தாராகச் சுற்றும் அக்காவிடமும் இருப்பாள். என்ன தவறு நடந்திருந்தாலும் அது அந்த நாலு மணி நேரத்தில்தான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, பாப்பா இன்னும் பேசலைங்க" என்று கணவரிடம் சொல்வேன்.

"அதெல்லாம் பேசறா, உடு" என்பார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து எரிச்சல்தான் வரும்.

மருத்துவரிடம் காட்டுவதற்காக ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை. எதிரில் இருப்பவரின் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். எதையோ மெல்வதுபோல வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறாள். கடைசி வரியை எழுதியதும் நோட்டை மூடிவிட்டேன். அப்படி ஒரு பழக்கம் எதன் அறிகுறி என்று தேடிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

கோயம்புத்தூரில் காதைச் சோதித்தார்கள். சத்தம் நுழையாத சின்ன அறையில் என் மடியில் உட்கார்ந்து, மெல்லிய ஒலிக்குக்கூட அவள் தலையைத் திருப்பினாள். "காது அருமையா கேக்குதுங்க" என்றார் மருத்துவர். பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பும் வழியில் சிங்காநல்லூர் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன். பஸ் அதைத் தாண்டியதும் நோட்டைத் திறந்து மறுபடி படித்தேன். காதில் குறை இல்லையென்றால் குறை எங்கே? காது கேட்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? மடியில் தூங்கியவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மாதாந்திர மின்தடை. தறிகள் நின்றிருந்தன. மகளைத் தேடிக் குடோனுக்குள் போனேன். தார் சுற்றும் அக்கா தரையில் உட்கார்ந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மகள் அவர் முன்னால் நின்றாள்.

"இல்ல கண்ணு, கரண்டு இல்ல. சாயங்காலந்தான் ஓடும்" என்றார் அக்கா.

குடோனில் வேறு யாரும் இல்லை.

"யாருகிட்டக்கா பேசறீங்க?"

"பாப்பாகிட்டத்தானுங்க. தறி ஏன் ஓடலைன்னு கேக்கறா இல்லீங்க?"

"கேக்கறாளா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, இத்தன படிச்சிருக்கீங்க, பெத்த புள்ள வாயப் பாக்கலீங்களா? ஆடிக்கு முன்னாலருந்தே பேசறா. வாய மூடறதே இல்ல!"

"குரலே வரலையேக்கா."

"தறி ஓடறப்ப குரலெடுத்து என்னத்துக்குங்க ஆகுது? நாங்க எல்லாம் வாய அசைச்சுத்தானே பேசிக்கறோம். அதையே புடிச்சுக்கிட்டா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "நேத்துக்கூடச் சொன்னா. அம்மா அழுவுதுன்னு."

நான் மண்டியிட்டு மகளின் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. அம்மா. சத்தமே இல்லை. நோட்டில் நான் நோயாக எழுதி வைத்திருந்தது அவளுடைய பேச்சு. அழுகையை அவளிடம் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவளோ அதைப் பார்த்து, அந்தப் பேச்சு தெரிந்த ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

கணவரிடம் சொன்னபோது அவர்தான் திகைத்தார். "எங்கிட்ட தினமும் பேசறாளே" என்றார். குடோனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவருக்கு அதில் சத்தம் இல்லை என்பதே தெரிந்திருக்கவில்லை.

எனக்குப் பயம் போகவில்லை, இடம்தான் மாறியது. பழகிப்போன வாய் இனிக் குரலைத் தேடாவிட்டால்? பள்ளிக்கூடத்தில் யார் இவள் உதட்டைப் பார்க்கப் போகிறார்கள்?

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் பொறுமையாகக் கேட்டார். "அவ வாயையே பாத்துட்டு நின்னா அவளுக்குக் குரல் எதுக்குங்க? சத்தமில்லாத எடத்துல தினமும் கொஞ்ச நேரம் முதுகக் காட்டி உக்காருங்க. குரல் வந்தாத் திரும்புங்க. ஆனா ரொம்ப அழ விட்றாதீங்க."

சாயங்காலம் தறிகளை நிறுத்தியபின் சமையலறையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதல் நாள் சுற்றி ஓடி முன்னால் வந்தாள். நான் திரும்பிக்கொண்டேன். விளையாட்டென்று சிரித்தாள். மூன்றாம் நாள் முதுகில் அடித்தாள். ஐந்தாம் நாள் அடிக்கவும் இல்லை, பின்னால் சும்மா நின்றாள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. பேசக் கற்றுக்கொள்வதற்குப் பதில், அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று கற்றுக்கொள்கிறாளோ? பாதியில் திரும்பி அவளைத் தூக்கிக்கொண்டேன். அன்று நான் தோற்றேனா, சரியாகச் செய்தேனா என்று இன்றும் தெரியாது.

ஒன்பதாம் நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம்.

"ம்மா. திம்பு."

திரும்பு என்கிறாள். கத்தி கையிலேயே இருந்தது. திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, நான் கோபமாக இருக்கிறேனா என்று என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.