‘திரும்பி வா’ பொத்தான்

எங்கள் பிரிவில் அவளுக்கு ‘நொட்டை அக்கா’ என்றே பெயர். எதை நீட்டினாலும் நொட்டை சொல்வாள். சம்பளமே அதற்குத்தான். எல்லையில் ரோந்து போகும் வீரர்களுக்குக் காவல் நிலையிலிருந்து உத்தரவு அனுப்ப ஒரு மென்பொருள் உண்டு. அதன் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் அவளும் நானும் சோதித்த பிறகுதான் அனுப்புவார்கள்.

அந்த முறை அவளுக்கே எந்தக் குறையும் அகப்படவில்லை. ஆனாலும் நிலைகொள்ளாமல் தவித்தாள். அவளுடைய ஒரே தம்பி வேலை பார்க்கும் காவல் நிலைக்குத்தான் அது முதலில் போகிறது. திரைமுன் உட்கார்ந்து உத்தரவு அனுப்புகிறவனே அவன்தான்.

விடுப்பில் வந்திருந்த தம்பி அன்று மாலை அவள் வீட்டு அழைப்பு மணியை அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம்.

“வந்துட்டேன்டா! ஒரு தடவ அமுக்கினா போதாதா?”

“கேட்டுச்சோ இல்லையோன்னு ஒரு சந்தேகம்தான்க்கா.”

மறுநாள் வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள். “இந்தத் திரை மெதுவா வேல செய்யும்னு நமக்குத் தெரியும். ஒரு தடவ அமுக்கிட்டு சமத்தா காத்திருக்கோம். அவன் காத்திருப்பானா?”

சுருக்கென்றது. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் நாங்கள், பழகிப் பழகி அந்த இயந்திரத்துக்கே நல்ல பிள்ளைகளாகிவிட்டிருந்தோம். விளங்கினாற்போலத்தான்!

‘திரும்பி வா’ என்ற பொத்தானைத் தம்பியைப் போலவே படபடவென்று அமுக்கினாள். முதல் அமுக்கில் உத்தரவு போனது. அந்தக் கணமே அதே பொத்தான் ‘ரத்து செய்’ என்று மாறிவிட்டது. திரை அதைக் காட்டுவதற்குள் அடுத்த அமுக்கு உத்தரவை ரத்து செய்துவிட்டது. திரும்ப வேண்டியவர்கள் ஆபத்திலேயே நிற்பார்கள்.

மேலாளர் குதித்தார். “நாளைக்கு அனுப்பணும்! எவன்மா இப்படி அமுக்குவான்?”

“என் தம்பி சார்.”

மேலாளர் தானே இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். பதிப்பை நிறுத்திவைத்தார். ஒருமுறை அமுக்கினால், பதில் வரும்வரை பொத்தான் மறுபடி வேலை செய்யாதபடி மாற்றிய பிறகே அனுப்பினோம்.

சில வாரங்கள் கழித்து, சாப்பாட்டு வேளையில் தம்பி அழைத்தான். அக்கா நானும் கேட்கும்படி கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

“என்னக்கா செஞ்சு அனுப்பியிருக்கீங்க? திடீர்னு வெள்ளம் வந்துடுச்சு. ரோந்து போன பசங்க அக்கரையில. பதறிப்போய் அமுக்கறேன், அமுக்கறேன், பொத்தான் அசையவே மாட்டேங்குது!”

அவள் முகம் வெளுத்தது. “பசங்க?”

“அவங்க முதல் அமுக்குலயே கெளம்பி வந்துட்டாங்க. ஆனா உங்க பொத்தான் சுத்த மோசம்க்கா.”

“சொல்லுடா,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இன்னும் நல்லா நொட்டை சொல்லு.”