காய்கறி வண்டியை நிறுத்திய வாரம்

காய்கறி விற்பது சுலபம், அரசாங்கத்துக்காகக் காய்கறி விற்பதுதான் கஷ்டம். கொரோனா ஊரடங்கில் சந்தைகளை மூடியதும், போர்க்கால அடிப்படையில் எங்கள் கூட்டுறவுக் கடை ஊழியர்களை வண்டியேற்றிச் சரவணம்பட்டித் தெருக்களுக்கு அனுப்பினார்கள். ஓட்டுப் பெட்டி முதல் வெள்ள நிவாரணம் வரை 'கூடுதல் பொறுப்பு' பார்த்த அரசு ஊழியர்களான உங்களுக்கு என் பாடு புரியும்.

கொசுறு

எடை போடாமல் எதையும் தரக்கூடாது என்பது உத்தரவு. நானும் கறிவேப்பிலையை எடை போட்டுக் காசு கேட்டேன். அடுக்குமாடி வாசலில் நின்ற சுமதி, ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர், எடுத்த தக்காளியைத் திருப்பி வைத்துவிட்டார். வரிசையே அவர் பக்கம்தான்.

"ஏனுங்க, ஊரே அடங்கிக் கெடக்குது, கருவேப்பலைக்குமா காசு? உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?"

கணக்கில் வராதது

எங்களுக்குக் கீரை கொடுக்கும் விவசாயி மயிலாத்தாளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். மறுநாளிலிருந்து கீரைக்கட்டோடு ஒரு கூடைக் கறிவேப்பிலையும் வந்தது, இனாமாக. இதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று விழித்தேன்.

"எதுக்குங்க காட்டோணும்? தாளிச்சா மணக்கப் போவுது, அவ்வளவுதானுங்க."

வெள்ளியோடு சரி

சந்தை திறக்கப்போகிறது, வெள்ளிக்கிழமையோடு வண்டி நிற்கும் என்று உத்தரவு வந்தது. அப்பாடா என்றிருந்தது. மயிலாத்தாளிடம் சொன்னபோதுதான் சிக்கல் தெரிந்தது. வண்டியை நம்பி அவர் நிலம் முழுக்கச் சிறுகீரை விதைத்திருந்தார், அடுத்த வாரம் பறிப்பு. சந்தைக்குக் கொண்டுபோக பஸ் இன்னும் ஓடவில்லை. டெம்போ வைத்தால் கீரை விற்ற காசு வாடகைக்கே போய்விடும்.

இன்னும் கொஞ்ச நாள் வண்டி ஓடட்டும் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர்தான், உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஆரம்பிக்க உத்தரவு வந்துச்சு, நிறுத்தவும் வந்துருச்சு. கீரைக்குன்னு தனியா ஒண்ணும் வரலயேப்பா."

கடைசி நாள்

அன்று மயிலாத்தாளும் வண்டியில் வந்தார். இனி வரமாட்டோம் என்று வாசல் வாசலாக நான் சொல்ல, அவர் கறிவேப்பிலையைப் பிடி பிடியாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். இத்தனை நாள் கொசுறு யார் கொடுத்தது என்று சுமதிக்கு அப்போதுதான் தெரிந்தது. கீரை விற்க வழியில்லாமல் நிற்கும் கதையையும் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, எங்க கார் சும்மாதான் நிக்குது. தெனம் காத்தால நானே வந்து எடுத்துக்கறனுங்க. இத்தன வீடு இருக்குது, பங்கு போட்டுக்கறோம்" என்றார்.

மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். ஆனால் அவர் குரல் கறாராகவே வந்தது.

"வா அம்மணி. கருவேப்பலைக்குக் காசு நீட்டுனீன்னா மட்டும் கீரை கெடையாது, சொல்லிப்போட்டேன்."

நாங்கள் மூடிய வியாபாரம் மறுவாரமே காரில் ஓட ஆரம்பித்துவிட்டது, அரசாங்கத் தராசைத் திருப்பி ஒப்படைக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.