பலகையை நட்டது ஆர்?

அக்காவின் வீட்டுக்கு முன்னால் பஸ் போகிறது, ஆனால் நிற்பதில்லை என்று நான் சொல்லும்போது பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள். பஸ் நிற்காத ஊர் ஒன்றா இரண்டா என்பது அவர்கள் நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிரைவரின் திமிரால் நிற்காமல் போகும் பஸ்ஸை எனக்கும் தெரியும். நான் இருக்கும் அரியாலையில் தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அக்காவின் வாசலில் நிற்காத பஸ் வேறு. நிற்கக் கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள்.

வலிகாமம் வடக்கில் எங்கள் ஊர் முப்பது வருடங்களுக்கு மேலாக இராணுவத்தின் கையில் இருந்தது. நாங்கள் ஓடி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போகிற பெட்டை, அக்கா புதிதாகக் கலியாணம் செய்தவள். அரியாலையில் வாடகைக்கு இருந்து, பிறகு அங்கேயே வீடு கட்டினோம். அத்தான் அங்கேதான் செத்தார். அக்கா என் வீட்டுப் பின் அறையில் இத்தனை காலமும் இருந்தாள், ஒரு நாளும் அதைத் தன் அறை என்று சொன்னதில்லை. காணி விடுபட்டதும் எல்லோருக்கும் முதல் போய்ப் பற்றை வெட்டினாள். இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு தனியாகக் குடியேறினாள். மகன் வெளிநாட்டில். தனியே இருக்கப் பயமில்லையா என்று கேட்டால், "என்ரை வீட்டிலை எனக்கென்ன பயம்" என்பாள்.

வீதியின் ஒரு பக்கம் எங்கள் காணிகள். மற்றப் பக்கம் முழுவதும் முகாமின் முள்ளுக்கம்பி. அடுத்த வருடம் அந்த வீதியையும் திறந்துவிட்டார்கள். பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் அந்த வழியால் ஓடத் தொடங்கியது. பேப்பரில் எல்லாம் படம் வந்தது. ஆனால் வீதியின் இரண்டு அந்தத்திலும் மூன்று மொழியில் பெரிய மஞ்சள் பலகை. பின்னேரத்துக்குப் பிறகு போக முடியாது. நடந்து போக முடியாது. படம் எடுக்க முடியாது. இடையில் எங்கேயும் வாகனம் நிறுத்த முடியாது. அக்காவின் வீடு அந்த இடையில்தான் இருந்தது.

அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வலது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. அந்தப் புண்ணுக்குக் கிழமையில் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும். வாசலால் போகிற பஸ்ஸில் ஏற முடியாததால், பின்பக்கத்து ஒழுங்கையால் கல்லிலும் குழியிலும் நடந்து சந்திக்குப் போவாள். ஓட்டோக்காரர் அந்த ஒழுங்கைக்குள் வரமாட்டார்கள், வீதியிலும் நிறுத்தமாட்டார்கள். மருந்து கட்டி வந்த காலோடு திரும்பவும் அதே கல்லில் நடை. புண் ஆறுமா? டொக்டர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், இப்படி நடந்தால் அடுத்தது பாதம் என்று.

அன்று இரவு அக்கா போன் எடுத்தாள். "மாரி துவங்க முன்னம் நான் உன்னட்டையே வந்திடுறன், தங்கச்சி. அந்த ஒழுங்கையிலை வெள்ளம் நிண்டா என்னாலை ஏலாது." சாதாரணமாகத்தான் சொன்னாள். சண்டையிலும் சாகாமல், வெளிநாட்டுக்கும் போகாமல், முப்பது வருடம் காத்திருந்து திரும்பிப் போனவளை ஒரு பஸ் நிற்காததால் திரும்பவும் இடம்பெயர வைப்பதா? விடக்கூடாது என்று நினைத்தேன்.

முதலில் டிரைவரைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். "ரீச்சர், எனக்கென்ன, நான் நிப்பாட்டுவன். ஆமிக்காரர் விடமாட்டினம்" என்றார். எந்த ஆமிக்காரர் உங்களிடம் சொன்னார் என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. பலகை கிடக்குத்தானே."

டிப்போவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மிகவும் மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தினார். வீதி பாதுகாப்புப் பகுதிக்குள் இருப்பதால் தங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார். முகாம் வாசலுக்குப் போனேன். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் உள்ளே போய்க் கேட்டு வந்து, "பஸ் வேலை அம்மா டிப்போ. நாங்க இல்ல" என்றான். வீதிக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போனேன். தார் போடுவதுதான் தங்கள் வேலை, பலகை தங்களுடையது இல்லை என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து சமைக்கவும் மனமில்லாமல் இருந்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை, துரத்தவில்லை, எல்லோரும் நல்ல மனிதர்கள். அதுதான் எரிச்சல். திட்டியிருந்தால் பதிலுக்காவது திட்டியிருக்கலாம்.

பிரதேச செயலகத்தில் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் வைப்பார்கள். எம்.பி. தலைமை வகிப்பார், எல்லாத் திணைக்கள அதிகாரிகளும் வருவார்கள், முன்வரிசையில் இராணுவ அதிகாரியும் இருப்பார். ஊர்ச் சங்கத்தின் தலைவர் என்னையும் வரச் சொன்னார். நல்ல மனிசன், ஆனால் பயந்தவர். கூட்டத்துக்கு முதல் நாள் எனக்குப் பாடம் நடத்தினார். முதலில் எல்லோரையும் பெயர் சொல்லி விளிக்க வேண்டுமாம். பிறகு வீதியைத் திறந்துவிட்டதற்கு இராணுவத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். கடைசியில், தயவுசெய்து பஸ் நிற்க உதவ வேண்டும் என்று கெஞ்ச வேண்டுமாம். அதிகாரிக்குப் போர்த்த ஒரு பொன்னாடையும் வாங்கி வைத்திருந்தார்.

"எங்கடை ரோட்டை எங்களுக்குத் தந்ததுக்குப் பொன்னாடையே?" என்று கேட்டேன்.

"ரீச்சர், உங்கடை வாய்தான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

"பயப்படாதையுங்கோ. நான் ஒண்டும் கேக்கப் போறதில்லை."

எங்கள் ஆட்களுக்கு மனுக் கொடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டது. காணி தாருங்கள், பாதை தாருங்கள், காணாமல் போன பிள்ளையைக் காட்டுங்கள் என்று இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டே இருந்தோம். கேட்டால் தருவேன் தரமாட்டேன் என்று சொல்லலாம், பரிசீலிக்கிறேன் என்றும் சொல்லலாம். அந்த வசதியை அன்று அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். என் முறை வந்ததும் எழும்பினேன். "வீதியில் வாகனம் நிறுத்தக் கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. அதை நட்டது ஆர்? அவர் இந்த மண்டபத்தில் இருந்தால் கையை உயர்த்தட்டும்" என்று சொல்லிவிட்டு இருந்தேன். அவ்வளவுதான்.

டிப்போ அதிகாரி வீதிக் கந்தோர்க்காரரைப் பார்த்தார். அவர் இராணுவ அதிகாரியைப் பார்த்தார். இராணுவ அதிகாரிக்கு ஒருவர் சிங்களத்தில் மொழிபெயர்த்தார், அவர் டிப்போ அதிகாரியைப் பார்த்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்த பிறகு வகுப்பு நிற்பது நினைவுக்கு வந்தது. எம்.பி. சிரித்துக்கொண்டு, "மூண்டு பேரின்ரை பலகையும் இல்லையெண்டால் நானே போய்ப் பிடுங்கட்டே?" என்றார். மண்டபம் சிரித்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. அடுத்த கூட்டத்தில் யாருடைய பலகை, யாருடைய கட்டளை, ஏன் என்று மூன்றுக்கும் பதில் வேண்டும் என்று சொல்லிக் குறிப்பில் எழுத வைத்தார். தலைவர் பொன்னாடையைப் பையை விட்டு எடுக்கவேயில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் பெரிய நம்பிக்கையோடு போகவில்லை. எங்கள் வாழ்க்கையில் எத்தனை குறிப்பைப் பார்த்தாயிற்று. ஆனால் இராணுவ அதிகாரி தானாகவே எழும்பினார். மொழிபெயர்ப்பாளரைக் கையால் மறித்துவிட்டு, எழுதிக்கொண்டு வந்த தமிழை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "பலகை எங்களுடையது. வீதி முகாமுக்குள் இருந்த காலத்துப் பழைய பலகையைப் பார்த்து எழுதியது. வாகனம் நிறுத்தக் கூடாது என்ற வசனம் இப்போது தேவையில்லை. அதை விட்டது எங்கள் பிழை. இந்தக் கிழமை அழிப்போம்."

என் ஆயுளில் சீருடை போட்ட ஒருவர் "எங்கள் பிழை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சண்டை பிடிக்கக் கட்டிக்கொண்டு போன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழும்பி நன்றி சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். உடனேயே, நடக்கக் கூடாது என்ற வசனத்துக்கும் காரணம் அடுத்த கூட்டத்தில் வேண்டும் என்றும் சொன்னேன். தலைவர் தலையில் கை வைத்தார். டிப்போ அதிகாரியும் எழும்பி, அக்காவின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் வேம்படியில் பஸ் நிற்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

சொன்னபடி அந்த வசனத்தின் மேல் மஞ்சள் பெயின்ற் அடித்தார்கள். நான் அரியாலைக் கடையில் கேக் வாங்கிப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை அக்கா போன் எடுத்தாள். "பஸ் நிக்கேல்லை."

டிப்போ அதிகாரியைப் போனில் பிடித்து ஒரு மூச்சு ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ரீச்சர், நான் டிரைவரிட்டைக் கேட்டனான். வேம்படியிலை ஆக்கள் நிக்கினமாம். ஆனா ஒருத்தரும் கை காட்டேல்லையாம். வேலிக்கரையிலை சும்மா நிக்கிற ஆக்களுக்கு எப்பிடி நிப்பாட்டுறது எண்டு கேக்கிறார்." பொய்யைப் பார் என்று போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே அக்காவிடம் போய்விட்டேன். சனிக்கிழமை காலை மருந்து கட்டும் நாள். அக்கா வெளுத்த சீலை உடுத்து, காலுக்குச் சுத்தமான சீலைத் துண்டு சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். வேம்படியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். எதிரே முள்ளுக்கம்பி, அதற்குப் பின்னால் காவலரண், அதற்குள் துவக்கோடு ஒரு பெடியன். பஸ் வந்தது. மெதுவாக்கினார் டிரைவர், எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு போய்விட்டார்.

"ஏனக்கா கை காட்டேல்லை?" என்று கத்தினேன். "கை காட்டாமல் பஸ் நிக்குமே?"

அக்கா என்னைப் பார்த்தாள். "எதிர்ப்பக்கம் துவக்கோடை நிக்கிறான். அவனுக்கு முன்னாலை எப்பிடித் திடீரெண்டு கையைத் தூக்கிறது?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீ தூக்கினியே?"

இல்லை. மண்டபம் நிறைந்த அதிகாரிகளைக் கையை உயர்த்தச் சொன்ன நான், அந்த இடத்தில் என் கையை உயர்த்தவில்லை. அப்போதுதான் எங்களைப் பார்த்தேன். நான்கு பேரும் பையை முன்னால் பிடித்து, இரண்டு கையும் வெளியே தெரிய, அசையாமல் நின்றுகொண்டிருந்தோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நிற்கப் பழகிய நிலை அது. ஒருவரும் சொல்லித் தராமலே நான்கு பேரும் ஒரே மாதிரி நின்றோம். பலகையில் இருந்த வசனத்தைப் பெயின்ற் அடித்து அழிக்கலாம், எங்கள் கைக்கு யார் வந்து என்ன அடிப்பது? எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் என் முதுகைத் தடவி, "விடுங்கோ ரீச்சர், இன்னொரு பஸ் இருக்கு" என்றாள்.

இன்னொரு பஸ் இருந்தது. வளைவில் சிவப்பாகத் தெரிந்ததும் அக்கா பையை இடது கைக்கு மாற்றினாள். அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை, காவலரணைத்தான் பார்த்தாள். கை மெல்ல, தோளளவுக்குத்தான் உயர்ந்தது. விரல்கள் விரிந்திருந்தன. பெடியன் தலையைத் திருப்பினான். எங்களைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான், கொட்டாவி விட்டான்.

பஸ் நின்றது.

"கெதியா ஏறுங்கோ அம்மா, காலைப் பாத்து" என்றார் கொண்டக்டர். நானும் ஏறப் போனேன். அக்கா படியில் நின்றபடி திரும்பி, "நீ நில். நான் தனியப் போட்டு வாறன்" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளுக்குப் பின்னால் ஏறினார்கள். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. வீட்டுக்கு வந்து சோறும் முருங்கைக்காய்க் கறியும் சமைத்து வைத்துவிட்டுப் படலையடியில் கதிரை போட்டு இருந்தேன்.

மத்தியானம் பஸ் வேம்படியில் நின்றது. அக்கா இறங்கி, புதுக் கட்டோடு மெதுவாக வந்தாள். புண் ஆறுகிறதாம், மருந்து கட்டின மிஸ்ஸி சொன்னாவாம். தண்ணீர் குடித்தாள், கதிரையில் இருந்து காலை நீட்டினாள். பிறகு தனக்குத்தானே சிரித்தாள்.

"என்னக்கா?"

"வரேக்கை கொண்டக்டர் ரிக்கற் எழுத எங்கை இறக்கம் எண்டு கேட்டவர். அந்த இடத்துக்கு என்ன பேரெண்டு எனக்குத் தெரியேல்லை."

"பேந்து என்ன சொன்னனீங்கள்?"

"வீட்டிலை எண்டு சொன்னனான்."