நேரில் வந்து சொன்ன முத்துமாரி

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்குள் பஸ் திரும்பும் இடத்தில் பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். அதில் முத்துமாரியின் படம். ஊதாப் பட்டுச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், சிரித்த முகம். கீழ்ப்பாதியை ஒரு வாழைப்பழ வண்டி மறைத்துக்கொண்டிருந்தது. மறைக்காமல் இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான். எழுத்துத் தெரியாது. பஸ் நம்பரும் ரூபாய் நோட்டும் பழக்கியதில் எண் மட்டும் தெரியும். ஏதோ சங்கத்தில் விருது கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம், "தம்பி, அங்க பாரு, எங்க டாக்ஸ் அம்மா. எனக்குக் கணக்குப் பாக்குறவுக" என்று காட்டினேன். அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"தாத்தா, அவுக எறந்துட்டாக. கண்ணீர் அஞ்சலின்னு போட்டுருக்கு."

எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். கண்டக்டர் வந்து, "பெருசு, எறங்கலையா? வண்டி ஷெட்டுக்குப் போகுது" என்றார். அப்போதுதான் எழுந்தேன்.

முத்துமாரி வீட்டுக்குப் போனால் தெருவே அடைத்து ஆட்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அந்த மாத வரி ரிட்டன் கெடு முடிந்து, ஒருத்தருக்கும் பாக்கி இல்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். "வேலைய வச்சுட்டுப் போற ஆளா அது?" என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்த பெண்களே சிரித்துவிட்டார்கள். முத்துமாரி இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

முத்துமாரிக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் சொல்லுங்கள் என்று அவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் செல்வி கேட்டது. நான் சொல்லச் சொல்ல அதுதான் எழுதுகிறது. இதைப் படிக்கப் போகும் உங்களில் பாதிப் பேரின் கடைகளுக்கு நான் பழைய சாக்கு போட்டிருக்கிறேன். கிழிந்த சாக்கை வாங்கித் தைத்து, மிளகாய் வத்தலுக்கும் கொத்துமல்லிக்கும் கம்புக்கும் விற்பதுதான் என் தொழில். ஆகவே உங்களுக்கு என்னைத் தெரியும், எனக்கு உங்களைத் தெரியும். நம் எல்லோரையும் ஒரே மாடிப்படியில் ஏற வைத்தவர் முத்துமாரி.

அவருடைய அம்மா திருச்சுழிப் பக்கம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர். மகள் லீவு நாளில் கூடப் போய்க் களை எடுத்தது எனக்குத் தெரியும். பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருஷம் டைப் அடித்துவிட்டு, தனியாக மாடியில் ஓர் அறை பிடித்தபோது கடைவீதியில் ஒரே பேச்சு. நான் சாக்கு இறக்கிக்கொண்டிருந்த கடையிலேயே ஒரு முதலாளி, முத்துமாரி எதிரில் நிற்கும்போதே சொன்னார்: "காட்டு வேலைக்குப் போன வீட்டுப் புள்ள, நம்ம கணக்கப் பாக்கப் போகுதாம்ல."

முத்துமாரி முகம் சுளிக்கவில்லை. "ஆமா மொதலாளி, களை எடுத்த கைதான். ஒங்க கணக்குல களை இருந்தா கண்ணுல படாமப் போகாது" என்றார்.

முதலாளி தவிரக் கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே மாடி ஏறிப்போய், "தாயி, எனக்கும் பாரு" என்றேன். அப்படித்தான் நான் அவருக்கு முதல் ஆளானேன். அந்த முதலாளியும் அடுத்த வருஷமே மேலே வந்துவிட்டார். அவர் நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

முத்துமாரியிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரிட்டனை அனுப்புவதற்கு முன்னால் ஆளை எதிரில் உட்கார வைத்து, என்ன வாங்கினோம், என்ன விற்றோம், எவ்வளவு கட்ட வேண்டும் என்று முழுவதையும் தமிழில் சத்தமாகச் சொல்வார். படித்தவருக்கும் அதே முறைதான், எனக்கும் அதே முறைதான். முடித்துவிட்டு, "சரியா பெரியப்பா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். "வாயத் தொறந்து சொல்லுங்க. நீங்க ஆட்டுறது கம்ப்யூட்டருக்குத் தெரியாது" என்பார். "சரி தாயி" என்று சொன்ன பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகும். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சல். "நீயே அனுப்பிவிடும்மா, ஒன்னத் தெரியாதா" என்பார்கள். "என்னத் தெரியும். ஒங்க கணக்கு ஒங்களுக்குத் தெரியணும்ல?" என்று உட்கார வைத்துவிடுவார்.

சாமி நம்பிக்கை கூடுதலான ஆள். கம்ப்யூட்டர் மேல் மாரியாத்தா படம், அதற்குத் தினமும் ஒரு கிள்ளுப் பூ. வருஷம் தவறாமல் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போவார். ஆனால் ரிட்டன் கெடுவுக்கு முன்னால் கிளம்பிப் பார்த்ததில்லை. கூட நடக்கும் பெண்கள் ஒரு தடவை சீக்கிரம் கிளம்பச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். "ஆத்தா எங்க போயிருவா? அங்கனதான் இருப்பா. இருவதாந்தேதி போனா திரும்பி வருமா?" என்றார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "ஆத்தா பாத்துக்குவா. ஆனா ரிட்டன நம்மதான் போடணும்."

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பாதிதான் தெரியும். முழுவதும் கூட இருந்து பார்த்தவன் நான்.

ஜிஎஸ்டி வந்த புதிது. ரிட்டன் போட வேண்டுமானால் போனுக்கு ஓடிபி எண் வரும், அதைச் சொன்னால்தான் உள்ளே போகும். அன்றைக்கு நம்மிடம் நிலையான போன் எங்கே இருந்தது? ஒருத்தர் போன் திருப்பூரில் மகனிடம் இருக்கும். இன்னொருத்தர் ரீசார்ஜ் செய்ய மறந்திருப்பார். என்னிடம் போனே கிடையாது. பார்த்தார் முத்துமாரி, எங்கள் எல்லோருக்கும் தன்னுடைய ஒரே நம்பரைக் கொடுத்துவிட்டார். எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் இருக்கன்குடி ஆற்றில் இறங்கிக் குளிக்கும்போது, இடுப்பில் செருகியிருந்த போன் தண்ணீரோடு போய்விட்டது. அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்றால், அது எப்போதோ அவர் தம்பி பேரில் வாங்கிய சிம். தம்பி வெளிநாட்டில். பேருக்கு உரியவர் நேரில் வராமல் அந்த நம்பரைத் தர முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் எல்லோருடைய ரிட்டனும் ஒரே போனோடு ஆற்றில் போனது போலாயிற்று. அடுத்த மாதக் கெடு தாண்டியது. நம்பரை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு வியாபாரியும் ஆதாரை எடுத்துக்கொண்டு நேரில் வரி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள் கடைவீதியில், டாக்ஸ் அம்மா பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆத்தாளே கைவிட்டுவிட்டாள் என்று வேறு சிலர். அந்த ஒரு மாதத்தில் முத்துமாரி சம்பாதித்து வைத்திருந்த பேர் முழுவதும் போயிருக்கும்.

செல்வி அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. பயந்துபோய், "அக்கா, சர்வர் வேலை செய்யலைன்னு சொல்லிருவோம். எல்லா ஊர்லயும் அப்பிடித்தான சொல்றாக, நம்புவாக" என்றது. நான் அங்கேதான் இருந்தேன்.

முத்துமாரி சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சர்வர் மேல பழியப் போட்டா சர்வர் கோவிச்சுக்காது செல்வி. ஆனா நாளைக்கு நான் அவுக மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?" பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியப்பா, ஒங்களுக்கு எல்லாக் கடையும் தெரியும்ல. என்கூட வாரீகளா? அடுத்தவுக வாயால கேக்குறதுக்கு முன்னால நானே போயிச் சொல்லணும்" என்றார்.

கிளம்பினோம். பஸ், ஷேர் ஆட்டோ, இரண்டும் இல்லாத இடத்தில் நடை. இருப்பதிலேயே கோபக்காரரிடம் முதலில் போவோம் என்று எம்.ரெட்டியபட்டி வத்தல் வியாபாரி வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நெடியில் வியாபாரியோடு சேர்த்து மூன்று பேருக்கும் தும்மல். தும்மலுக்கு நடுவிலேயே முத்துமாரி சொல்லி முடித்தார்: "தப்பு என்னோடது. எல்லாருக்கும் என் நம்பரக் குடுத்தது தப்பு. பிந்துனதுக்கு ஒங்களுக்கு வர்ற அபராதத்த நான் கட்டுறேன். நீங்க ஆதார எடுத்துக்கிட்டு ஒரு நாள் நேர்ல வரணும்."

"வர முடியாது. ஒன்ன நம்புனதுக்கு இதுவா? நான் வேற ஆளப் பாத்துக்கிறேன், போ."

"பாருங்க மொதலாளி. வேற ஆளுகிட்டப் போனாலும் நம்பர மாத்தணும், அதுக்கும் நீங்கதான் வரணும். என்கூட வந்து மாத்திட்டுப் போங்க. ஒங்க ஃபைல நானே அவுக கையில குடுக்குறேன்."

அவர் என்னைப் பார்த்து, "யோவ் சாக்கு, திட்டவும் விட மாட்டேங்குதேய்யா இது" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனோம்.

மல்லாங்கிணறில் ஒரு கடைக்காரர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "மனசு கஷ்டமா இருக்கா தாயி?" என்று கேட்டேன். "இருக்கு பெரியப்பா. ஆனா பயம் போயிருச்சு" என்றார். அந்த நாட்களில் அவர் கழுத்தில் சங்கிலி இல்லாமல் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. நான் கவனித்தேன். கேட்கவில்லை.

வரி அலுவலகத்துக்கு நாங்கள் போன நாளை மறக்க முடியாது. வேட்டியும் துண்டும் ஆதாருமாகப் படி வரைக்கும் வரிசை. எம்.ரெட்டியபட்டிக்காரர்தான் முதலில் நின்றார். அதிகாரி வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஊரையே கூட்டிட்டு வந்துட்ட?" என்றார்.

"எல்லாரும் வரி கட்டத்தான் சார் வந்துருக்காக. தொரத்திராதீக" என்றார் முத்துமாரி.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் அவரவர் நம்பர் ஏறிவிட்டது. சிலர் சொன்னபடியே ஃபைலை வாங்கிக்கொண்டு வேறு இடம் போனார்கள். அவர்களைப் பற்றி முத்துமாரி ஒரு வார்த்தை குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. போனவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டே புது ஆட்கள் வந்தார்கள். "தப்புப் பண்ணா வீடு தேடி வந்து சொல்லுமாம்லே" என்பதுதான் அந்தப் பேச்சு. பிறகு அறை இரண்டானது, வேலைக்கு நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள், சங்கிலியும் கழுத்துக்குத் திரும்பியது. போன மாதம்கூடக் குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போவதைப் பற்றித்தான் பேச்சு. "அங்க டீக்கடை போடுறவுகளுக்கும் கணக்குப் பாக்க ஆளு வேணும் பெரியப்பா" என்று கண் விரியச் சொன்னார்.

வரி அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னாலேயே எனக்கும் ஒரு போன் வாங்க வைத்திருந்தார். வருகிற எண்ணைத் தன்னைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது என்று கண்டிஷன். ஒரு நாள் பேங்க் மேனேஜர் பேசுகிறேன் என்று ஒருவன் பேசினான். ஓடிபி சொல்லாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவேன் என்றான். "நம்பர் வேணும்னா அருப்புக்கோட்டைக்கு வாப்பா. மாடியில எங்க டாக்ஸ் அம்மா இருக்கு. அது சத்தமாப் படிச்சுக் காட்டி, சரியான்னு கேட்டாத்தான் எனக்கு வாயே தொறக்கும்" என்றேன். வைத்துவிட்டான். இதை மாடியில் போய்ச் சொன்னேன். முத்துமாரி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, குங்குமம் கலைந்து, வந்திருந்தவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அவர் போன பிறகு எனக்கு என்ன மிச்சம் என்று செல்வி கேட்கிறது. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மல்லி அள்ளுவதற்குச் சாக்கு வேண்டும் என்று வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி சொல்லியிருந்தார். லோடு ஏற்றிய வண்டி வழியில் நின்றுவிட்டது. அன்றைக்குச் சாக்குப் போகாது. மகன், "போன்ல சொன்னாப் பத்தாதாப்பா?" என்றான். பத்தாது என்றேன். பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து போய் அவர் களத்தில் நின்று, "இன்னைக்குச் சாக்கு வராது" என்றேன்.

அவர் நன்றாகத் திட்டினார். ஆளை வரச் சொல்லிவிட்டேன், மல்லியை எதில் அள்ளுவேன் என்று கத்தினார். திட்டி முடித்து மூச்சு வாங்கிய பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதச் சொல்லவா இந்த வெயில்ல வந்தீக?"

"ஆமா" என்றேன்.

வேப்ப மரத்தடிக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். "நாளைக்கு வந்தாப் போதும்."

அதுதான், செல்வி, எனக்கு மிச்சம். எழுதிக்கொள்.