கியர்பாக்ஸ் ஒழுகிய நாட்கள்

எனக்குப் பத்து வயதானபோது அத்தை தான் வாழ்க்கைப்பட்ட வண்டன்மேட்டிலிருந்து தன்னந்தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கோவிந்தாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கார் அவளைவிட மூத்தது. யாரோ ஒரு எஸ்டேட் துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனதை அத்தையின் மாமனார் வாங்கி, கடைசிக் காலத்தில் மருமகள் பெயருக்கே எழுதி வைத்துவிட்டார். ஏலத்தோட்டத்து மேட்டில் அதன் கியரை முனகவிடாமல் மாற்றத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதானாம்.

பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் மறுநாள் காலை காருக்கடியில் தாம்பாளம் அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. என் கவனமெல்லாம் அதில்தான்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அவர் சாக்கை விரித்து வண்டிக்கடியில் போக, நானும் இன்னொரு சாக்கோடு போனேன். அவர் துரத்தவில்லை. கியர்பாக்ஸின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்த பல்சக்கரங்களைக் காட்டினார். மேலே அத்தை கியரைத் தள்ள, கீழே ஒரு சக்கரம் நகர்ந்து பக்கத்துச் சக்கரத்தோடு சேர்ந்துகொண்டது. இத்தனை நாள் வண்டி தானாக ஓடுகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்!

"சேச்சி, ஒழுகறது பின்னாடிங்க," என்றார் மெக்கானிக். "இந்தப் பிளாஞ்சு மேல சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கு. புதுசா சீல் போட்டாலும் நிக்காது. பிளாஞ்சு மாத்தோணும்."

பிளாஞ்சு என்பது கியர்பாக்ஸின் பின்வாயிலில் சுழலும் வட்ட இரும்பு; சீல், எண்ணெய் கசியாமல் அதைச் சுற்றிக் கவ்வும் ரப்பர் வளையம். அதில் பொறித்திருந்த எண்ணை நான் தமிழ் நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் மனப்பாடம் செய்துவிட்டேன்.

லேத்தில் கொடுத்து, பள்ளத்தை மூடி ஒரு வளையம் ஏற்றிவிடலாம், இரண்டு நாள் வேலை என்றார் மெக்கானிக். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"இது என் மாமனார் வண்டிங்க. ஒரிஜினல்தான் போடோணும்."

அத்தைக்கு வண்டிமேல் எவ்வளவு பாசம் என்று நான் பூரித்துப்போனேன். அப்பா வாரம் தவறாமல் போனில் மாமாவுக்குச் சமாதானம் சொன்னார். "இல்லீங் மாப்பிள்ளை, வண்டி ரெடியாயிட்டா அடுத்த நாளே வந்துருவா."

ஒரிஜினல் தேடும் வேலையை அத்தையே ஏற்றுக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ பஸ் ஏறுவோம். பழைய இரும்புக்கடைகளில் இத்தனை விசித்திரங்கள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில்லாத ஹெட்லைட்டுகள், ஒருகாலத்தில் யார் யாரோ பிடித்த ஸ்டியரிங்குகள், ஊறுகாய்ச் சாடியில் போட்டு வைத்த பேரிங் குண்டுகள். நான் ஒவ்வொன்றாக எடுத்து இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அத்தை கடைக்காரரிடம் ஒரு பேச்சுக்கு விசாரித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். பிறகு ஏதாவது ஒரு அலுவலக வாசலில் என்னை உட்காரவைத்து, கையில் காகிதங்களோடு உள்ளே போய்வருவாள். இப்படி இரண்டு மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை, உக்கடத்தில் ஒரு கடைக்காரர் பரண்மேல் ஏறி, கிரீஸ் தடவிய காகிதப் பொட்டலம் ஒன்றை இறக்கினார். பிரித்தால் பிளாஞ்சு. கீறல்கூட இல்லை. நான் எண்ணைப் படித்தேன். அதேதான்!

அத்தை அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அளவு சேராதுங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அத்தை, நம்பர் அதேதான்!"

"வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு." என் கையை அவள் பிடித்த பிடி வலித்தது.

அன்று சாப்பிடும்போது அப்பா அத்தையைக் கேட்டார். "ஏன் அம்மிணி, இன்னைக்கும் கெடைக்கலியா?"

"கெடைச்சுதுங்கப்பா! அத்தைதான் வேண்டாம்னுட்டாங்க," என்று நான் முந்திக்கொண்டு, பிளாஞ்சு நம்பரையும் கடை இருந்த சந்தின் பெயரையும் கடகடவென ஒப்பித்தேன். என் ஞாபகசக்தியை எல்லோரும் மெச்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

அப்பா மறுநாளே போய் வாங்கிவந்தார். மெக்கானிக் மாட்டினார். இரவு முழுக்க அடியில் விரித்துவைத்த அட்டையில் காலையில் ஒரு சொட்டில்லை. நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடிக் காட்டினேன். அத்தை மட்டும், ரிவர்ஸ் கியர் இரைகிறது, அதையும் பார்க்கவேண்டும் என்றாள். மெக்கானிக் நான்கு நாள் அதைப் பார்த்தார். எனக்கு ஓர் இரைச்சலும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அத்தைக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. பழுப்பு உறை. படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை மடித்து அரிசி டின்னுக்குள் சொருகினாள். அன்று மதியமே அத்தை அப்பாவிடம் போய் நின்றாள்.

"ரிவர்ஸும் சரியாயிருச்சுங்கண்ணா. நாளைக்குக் கெளம்பறேனுங்க."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே வண்டன்மேட்டுக்குப் போன் போட்டார்.

காலையில் சாமான்களை நானும் அம்மாவும் ஏற்றினோம். அரிசி மூட்டை, பருப்பு, நான்கைந்து பாத்திரங்கள், ஒரு பாய், கடைசியில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ். அத்தை வண்டிக்கடியில் கைவிட்டு விரலால் தடவி, காய்ந்திருந்த விரலை என்னிடம் காட்டினாள். "நல்ல காரியம் பண்ணுன கண்ணு," என்று என் கன்னத்தைத் தட்டினாள். கார் பொள்ளாச்சிப் பக்கம் முனகாமல் போயிற்று.

சாயங்காலம் மாமா போன் செய்தார். அத்தை அங்கே போய்ச் சேரவில்லை. அவளுடைய செல்போன் அணைந்திருந்தது. கியர்பாக்ஸ் மறுபடி காலை வாரிவிட்டது என்று முடிவுகட்டி, அப்பா மெக்கானிக்கை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உடுமலைச் சாலை நெடுக எண்ணெய்ச் சொட்டுகளைத் தேடப் போனார். அவள் பொள்ளாச்சியிலேயே கோயமுத்தூர் பக்கம் திரும்பி, ஆனைகட்டி வழியாக அகளிக்குப் போய், அங்கே ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாகச் சேர்ந்துவிட்டது அப்பாவுக்கும் எனக்கும் நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன்பின் அவள் வண்டன்மேட்டுக்குப் போகவே இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஜீப்பில் போனதும் நான் சமையலறைக்குப் போனேன். அம்மா பதற்றமே இல்லாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்ததை அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, மாமா ஊட்டுல ஸ்டவ்வே இல்லியா?"

அம்மா வாசலை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஒரு வெல்லக்கட்டியை என் வாயில் திணித்தாள். "பேசாம தின்னு."

நான் வெல்லத்தைச் சப்பியபடி யோசித்தேன். அவ்வளவு பெரிய ஏலத்தோட்டம் வைத்திருந்தும் ஒரு ஸ்டவ் வாங்க முடியவில்லையே என்று மாமாவை நினைக்க எனக்குப் பரிதாபமாக இருந்தது.