உப்பளத்துப் பெண்களுக்கு ஐந்து நாள் வகுப்பு

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மதுரைப் பேருந்து என்னைத் தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது. டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். தோளில் புரொஜெக்டர், கையில் சுருட்டிய வெள்ளைத் திரை, மடிக்கணினியில் அறுபத்திரண்டு படங்கள். பெரியவர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுப்பதுதான் பதினொரு வருடமாக என் பிழைப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

முள்ளக்காட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டு இருநூற்றிருபதுக்கு இறங்கிவந்தார். திருச்செந்தூர் சாலையின் இருபுறமும் உப்பளம், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். ஏழு மணிக்கே கண் கூசியது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"உப்பளத்துப் பொம்பளையளுக்கா பாடம் எடுக்க வந்திருக்கிய?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. தேறுறவங்களுக்கு உப்பு மூட்டை போடுற ஆலையில வேலை."

"நெழல்ல வேலைன்னா சும்மாவா! அவிய படுத பாடு..." அதற்குள் ஒரு லாரி குறுக்கே வர, மிச்சப் பேச்செல்லாம் அந்த ஓட்டுநரை ஏசுவதிலேயே போயிற்று.

பகல் பன்னிரண்டு மணி. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம்தான் வகுப்பறை. விடியற்காலையிலிருந்து உப்பு வாரிவிட்டு இருபது பெண்கள் வந்தார்கள். படம் பளிச்சென்று தெரிய ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னேன். திரையில் வெளிச்சம் விழுந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் கடைசி வரிசைகளில் போய் ஒண்டிக்கொண்டார்கள்.

"என்னக்கா, சினிமாக் கொட்டகையா இது? முன்னாடி வாங்க!" என்று சத்தம் போட்டேன். வந்தார்கள். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் சண்முகக்கனி, நாற்பத்தாறு வயது. மூன்று மணி நேரமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தூக்கம் போதவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. "கனியக்கா, நான் இங்க தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க தரையில என்ன தேடுறீங்க? நேத்து சொன்னதைக் கொஞ்சம் சொல்லுங்க பாப்போம்."

எழுந்து நின்றார். எடை இயந்திரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதிலிருந்து மூட்டை தைப்பது வரை, நான் சொன்னதைச் சொல் மாறாமல் ஒப்பித்தார். நடுவில் நான் இருமியதுதான் பாக்கி. கூடமே கைதட்டியது. இந்த அக்காதான் முதல் ஆளாகத் தேறப்போகிறார் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

புதன்கிழமை டீ நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்படியாச்சும் எனக்கு இந்த வேல கெடைக்கணும் டீச்சர். இன்னும் ரெண்டு வருசம் உப்புப் பாத்தியில நின்னேன்னா என் கத முடிஞ்சிரும்."

"இடுப்பு வலியாக்கா?"

"ம்" என்றார்.

வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. ஆலை மேற்பார்வையாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து கிலோ இருக்க வேண்டிய மூட்டையைக் கனியக்கா தூக்கி எடை மேடையில் வைத்தார். 24.60 என்று சிவப்பு எண் எரிந்தது.

"எவ்வளவுக்கா?"

"இருபத்தஞ்சு கிலோ டீச்சர்."

"நல்லாப் பாருங்க."

மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். "இருபத்தஞ்சு."

மூட்டையில் அச்சடித்த தேதியைக் காட்டினேன். திங்கட்கிழமை படத்தில் நான் வாசித்த தேதியை மளமளவென்று சொன்னார். வெளியே அழைத்துப்போய்க் கேட்டேன்.

"ரெண்டு வருசமாவே எழுத்து தெரியல டீச்சர். ஆளு தெரியும், நெறம் தெரியும். அது போதும் உப்பு வார. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா கங்காணி வேலைக்குக் கூப்பிட மாட்டாரு. அதான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல." கொஞ்சம் தயங்கினார். "அந்த வெள்ளத்துணி வேற பாத்தி மாதிரியே கண்ணுல குத்துது. எல்லாருக்குந்தான். அதுக்குத்தான் அன்னைக்குப் பொறத்தால போயி இருந்தோம்."

காலையெல்லாம் வெள்ளை உப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களை இருட்டறையில் அடைத்து இன்னொரு வெள்ளையைப் பார்க்கவைத்திருக்கிறேன். அட, என்ன திட்டம், என்ன பயிற்சி! ஒரு மாதம் முன்பே விண்ணப்பம் வாங்கினோம். படிப்பு, வயது, விலாசம் எல்லாம் கேட்ட என் படிவத்தில் கண் தெரிகிறதா என்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் கண்ணாடியோ ஆபரேஷனோ முடித்துக்கொண்டே வந்திருப்பார்.

மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன். "ஒரு மாசம் குடுங்க சார். கண்ணைக் காட்டிட்டு வரட்டும்."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு மேடம். ஆறு எடம்தான், திங்கக்கிழம வேல ஆரம்பம். எடை தப்புனா லோடே திரும்பி வந்துரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. முடிவுத்தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. தேறிய ஆறு பேரும் சிரிப்பும் சத்தமுமாக ஆலை வேனில் ஏறிப் போய்விட்டார்கள். கனியக்கா மட்டும் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் பையைச் சுமந்தார். நிறுத்தத்தில் மடித்த தாளை நீட்டினார்.

"வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

நான் எழுதியதை நானே வாசித்தேன். "தேர்ச்சி இல்லை."

"அது தெரிஞ்சதுதான. கீழ என்னமோ இருக்காமே?"

"காரணம், பார்வைக் குறைவு." பெரியாஸ்பத்திரியில் காட்ட உதவட்டும் என்றுதான் அதை எழுதியிருந்தேன். அதையும் சொன்னேன்.

அவர் தாளை வாங்கவில்லை. "இது வேற யாருக்காச்சும் போவுமா டீச்சர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்களை அனுப்பிவைத்த உப்பள ஆபீசுகளுக்கு, விண்ணப்பமோ முடிவோ, ஒவ்வொரு தாளிலும் ஒரு நகல் போக வேண்டும். அதுவும் நான் வகுத்த திட்டம்தான்.

"காலையிலயே போயிருச்சுக்கா."

பேருந்து வந்து நின்றது. பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அப்ப நாளைக்கு என்னயக் கூப்பிட மாட்டாவ" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

என் படிவத்தில் அந்த ஒரு வரி இல்லாமல் போயிற்றே என்று முந்தின நாள் முழுக்க நொந்துகொண்டிருந்தேன். இருந்திருந்தால், அந்த நகலும் ஒரு மாதம் முன்பே போயிருக்கும்.